செவத்தக் கோழியும் பிரசிடெண்டும்

மறுபடியும் சிரித்துவிட்டார்கள். செண்பகம் வடையை எண்ணெயில் நழுவவிட்ட அந்த நேரம் பார்த்துத்தான் அவர் என்னத்தையோ சொல்லியிருக்கிறார், சொய்யென்று எழும்பிய சத்தத்தில் பேச்சு முழுகிப்போய், சிரிப்பு மட்டும் சமையல்கட்டு ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. காலையிலிருந்து இதே கூத்துதான். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் சிரிப்பின் வால். தலையும் உடம்பும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, வால் அடுப்படிக்கு. தட்டை எடுத்துக்கொண்டு போனால் அப்போதுதான் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், வா தாயி, வாங்க மதினி என்பார்கள், என்ன சொன்னாரு என்று கேட்க அவளுக்கு நாக்கு எழும்பாது, கட்டினவன் சொன்னதை அடுத்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதா, தட்டை முக்காலியில் வைத்துவிட்டுத் திரும்பி ஜன்னலுக்குப் பக்கத்தில் வருவதற்குள் அடுத்தது வெடித்துவிடும். சேலைத் தொட்டிலில் கிடக்கிற சின்னது ஒவ்வொரு சிரிப்புக்கும் கையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் தூங்குகிறது. அதுக்காவது தூக்கத்தில் கேட்கிறது, எனக்கு அதுவும் இல்லை என்று நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை யாரிடம் காட்ட. எண்ணெயில் வடை திரும்பிப் படுத்தது. திரும்பிப் படுத்தது என்கிற வார்த்தை வந்ததும் கரண்டி நின்றுவிட்டது. ஓட்டு எண்ணின ராத்திரி அவரும் இப்படித்தான் திரும்பிப் படுத்தார்.

அன்றைக்கு மாலையோடு வந்தார். மாலை போட்டுக்கொண்டு துக்க வீட்டிலிருந்து வருகிற மாதிரி ஒரு ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தவசிலிங்கம் ஜெயித்துவிட்டார், மறுபடியும் பிரசிடெண்டு, ஆனால் ஏதோ தெருக்கோடி ஓட்டு நாலு அஞ்சு அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அதுவும் இல்லை. வார்டுக்கு ஒருத்தராக அவர் கட்சியில் நிறுத்தின ஒன்பது பேரில் மாடசாமியண்ணன் ஒருத்தர்தான் கரையேறினார். மிச்ச எட்டும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, கட்சி கிடையாது என்று பேர்தானே, யார் எந்தக் கொடி என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், சோறு வேண்டாம் என்றார், பாயில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது, பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு முடித்தவள், அரசியல் என்ன தெரியும், ஆனால் கோழி தெரியும். ஏங்க, என்றாள், நம்ம செவத்தக் கோழியை ஒம்போது முட்டை வச்சு அடைக்குப் போட்டேன், ஒண்ணுதான் பொரிச்சுது, அதுக்காக அது மூலைல உக்காந்து காலையே பாத்துக்கிட்டா இருக்கு, அந்த ஒண்ணைப் பின்னால விட்டுக்கிட்டு இந்தத் தெருவே நமக்குப் பட்டா போட்டதுங்கற மாதிரி என்ன நடை நடக்குது, நீங்களும் மாடசாமியண்ணனைப் பின்னால விட்டுக்கிட்டு நடங்க. மாடசாமியண்ணனுக்கு ஆறடி உயரம், காதுவரைக்கும் மீசை. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சேலையை வாயில் வைத்துக்கொண்டாள், சின்னது முழித்துக்கொள்ளக் கூடாதே. சிரிப்பார் என்று அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நிசமான சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் குலுங்கும், மூக்கு வழியாகப் பூனை தும்முகிற மாதிரி ஒரு காற்று வரும், அவ்வளவுதான், அது அவளுக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. தோள் அசையவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டோமோ என்று விடியவிடியக் கண்ணை மூடவில்லை.

மறுநாள் பால் ஊற்ற வந்த கோமதியக்கா வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏட்டி செம்பகம், உன் வீட்டுக்காரர் டீக்கடைல சொன்னதைக் கேட்டியா, செவத்தக் கோழி ஒம்போது முட்டையாம், ஒண்ணுதான் பொரிச்சுதாம், பின்னால மாடசாமி வாரானாம், கடையில ஒருத்தன் குடிச்ச டீ மூக்கு வழியா வந்திருச்சுட்டி, தோத்த மனுசன் வாயில வர்ற பேச்சா அது, என்ன தெம்பு, என்ன தெம்பு. செண்பகம் பால் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். அப்படியாக்கா, என்றாள். நெஞ்சில் ஒரு முள் ஏறினது அப்போதுதான். நகை கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பாள், இது நகை இல்லை. ராத்திரி இருட்டில் அவருக்கென்று அவள் ஒருத்தி பொத்திக் கொடுத்தது, அதை வாங்கி ஒரு வாய் தின்னாமல் டீக்கடையில் கொண்டுபோய்ப் பங்குவைத்துவிட்டார். திருடிவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, புருசன் பொண்டாட்டிக்குள் எது திருட்டு. அந்தச் சிரிப்பை அவர் எனக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கொடுத்திருக்கலாமே, அதுதான், அந்த ஒண்ணுதான். அன்றையிலிருந்து ஊரே அவரிடம் துக்கம் விசாரிக்க வருகிறது, வருகிறவன் எல்லாம் சிரித்துக்கொண்டு போகிறான். கொடியை இறக்கியாச்சா என்று ஒருத்தன் குத்தலாய்க் கேட்டானாம், இறக்கினேன், வீட்ல இட்லித் துணி கிழிஞ்சு போச்சு என்றாராம். வாசலில் வைத்துச் சொன்னது, அதையும் ரேசன்கடை வரிசையில்தான் கேட்டாள். வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டு. சோறு போடு, சட்டை எங்க, பிள்ளை தூங்கிட்டாளா. மூன்று பேச்சு. பிரசிடெண்டு பேச்சைக் கேட்டுட்டே இருக்கலாம், நீ குடுத்துவச்சவ என்று சொல்கிறார்கள். குடுத்துத்தான் வச்சேன், வாங்கி வைக்கவில்லை.

இன்றைக்கு எதிர்க்கட்சியில் ஜெயித்த எட்டுப் பேரும் வந்திருக்கிறார்கள், கூட மாடசாமியண்ணனும். அந்த எட்டில் மாரீஸ்வரியின் சிரிப்புத்தான் முதலில் கிளம்புகிறது, கடைசியில் அடங்குகிறது, கம்மம்புல்லைத் தகரத்தில் கொட்டின மாதிரி. நாளைக்கு அவளைத்தான் துணைத் தலைவர் ஆக்கப்போகிறார்கள், அவள் கையெழுத்து விழாமல் தெருக்குழாய்க்கு ஒரு வாசர் வாங்க முடியாது. அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, குறை சொல்ல முடியாததுதான் செண்பகத்துக்குப் பெரிய குறையாக இருந்தது. இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே, என்கிறாள். அவரும் சொல்கிறார். எனக்கு ஒரு தடவைக்கே பஞ்சம், அவளுக்கு இரண்டாம் போகம். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் முக்காலியில் வடைத்தட்டு வைத்தது வைத்தபடி. ஆவிகூட அடங்கிவிட்டது. தண்ணீர்ச் செம்பு மட்டும் கைமாறியிருக்கிறது. அவளுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி ஓடியது, சிரிக்க மட்டும் வச்சா போதுமா, கை நனைக்க வைங்க பாப்போம். உடனே அந்தக் குளிர்ச்சி பயமாகத் திரும்பியது. இந்த ஊரில் வாரண்ணே என்பதற்கும் போறண்ணே என்பதற்கும் அர்த்தமில்லை, கை நனைப்பதுதான் பேச்சு. ஒரு வீட்டில் ஒரு வாய் தின்று கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது, அந்த வீட்டுக்காரனைச் சபையில் வைத்துக் கேவலம் பேச மாட்டார்கள். பச்சைத் தண்ணியோடு எழுந்து போய்விட்டால், மரியாதைக்கு வந்தோம், மல்லுக்கு நிற்போம் என்று அர்த்தம். அவர் ஒவ்வொரு சிரிப்புக்கும் நடுவில் தட்டை ஓரக்கண்ணால் பார்க்கிறார், அது அவர்களுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரிகிறது. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற வாயும் தட்டையே சுற்றுகிற கண்ணும் வேறுவேறு ஆள் மாதிரி. ஐந்து வருசம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அந்த ஒற்றை நாற்காலியில் ஐந்து வருசம் அவர் உட்கார வேண்டும், உட்கார்ந்துவிட்டு ராத்திரி வந்து சுவரைப் பார்த்துப் படுப்பார், சுவர்தான் என் சக்களத்தி.

கை நனைப்பது என்றதும் அந்தப் பழைய நினைப்பு வந்துவிட்டது, வராமல் இருக்குமா. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் வீட்டார் எட்டுப் பத்துப் பேர், பெண் பிடித்து, பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, பலகாரத் தட்டு சும்மா மரியாதைக்கு இருக்கும். மாமியார் வாயை இறுக்கிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்றும் பேசவில்லை, மாப்பிள்ளை பாட்டுக்கு அவளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி ஒரு அதிரசத்தை எடுத்து முக்கால்வாசி கடித்துவிட்டார். வீடே அப்படியே நின்றுபோனது. அடப் பாவி, என்றார் மாமியார். அவர் மென்றுகொண்டே கையைப் பார்த்தார், விரலெல்லாம் எண்ணெய். கை நனைஞ்சு போச்சும்மா, இனி பொண்ணைக் கட்டாமப் போனா அதிரசம் செரிக்காது, என்றார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள், கதவு ஆடுவதை அவர் பார்த்தார், அவர் தோள் குலுங்கியது, பூனை தும்மியது, அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு சண்டை போட்டாலும் சரி, பிரசவ வலியில் கத்தினாலும் சரி, அதிரசம் செரிக்கல என்று ஒரு பேச்சுத்தான், வீடு பழையபடி ஆகிவிடும். இப்போது புது பயம் ஒன்று கிளம்பியது. வேப்பமரத்தடியில் சரக்குத் தீர்ந்துகொண்டிருக்கிறது, கோழி போச்சு, கொடி போச்சு, எட்டுப் பேரும் தட்டைத் தொடவில்லை, கை நனைக்கிற பேச்சு எந்த நிமிசமும் வரலாம், வந்தால் அவர் கையில் தயாராக இருப்பது அது ஒன்றுதான். அதையும் எடுத்து விற்றுவிடுவார். மாரீஸ்வரி தொடையில் தட்டிச் சிரிப்பாள், நாளைக்குக் கோமதியக்கா பால் சட்டியோடு வந்து எனக்கே சொல்வாள், ஏட்டி உன் அதிரசக் கதை கேட்டியா. கடவுளே, அதை மட்டும் அவர் தொடாமல் இருக்கணும். என் தாலிக்கு முன்னால் வந்தது அது.

யண்ணே, அந்தக் கோழியை இன்னொரு தடவ, எங்க ஒன்னாம் வார்டு கேக்கலையாம், என்று மாரீஸ்வரி கேட்டது இந்தத் தடவை தெளிவாக விழுந்தது, ஏனென்றால் செண்பகம் அடுப்பைத் தணித்துவிட்டாள். அவர் தொண்டையைச் செருமினார். நம்ம வீட்ல ஒரு செவத்தக் கோழி, என்று ஆரம்பித்தார். நம்ம வீட்ல, சரி, அந்த மட்டுக்கும் சொன்னாரே. ஒம்போது முட்டை வச்சது. இருவத்தோரு நாள் அன்னந்தண்ணி இல்லாமக் கெடந்துச்சு. பொரிச்சது ஒண்ணே ஒண்ணு. ஒன்றாம் வார்டுக்காரர் மாடசாமியண்ணனைத் திரும்பிப் பார்த்து இப்போதே கனைத்தார், மாடசாமியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த ஒண்ணைப் பின்னால விட்டுக்கிட்டு அந்தக் கோழி, என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தினவர் நிறுத்தினவர்தான். செண்பகம் கம்பியைப் பிடித்தாள். மறந்துவிட்டாரா, இல்லை, அவருக்கா மறக்கும். அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது, டீக்கடையில் அவர் ஆட்களிடம் சொன்னபோது சரி, தெருவே நமக்குப் பட்டா போட்டது என்று ஜெயித்த எட்டுப் பேர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது, தோத்தும் திமிரைப் பாரு என்றல்லவா ஆகும், பாதி வழியில் வந்துதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அந்தக் கோழி, என்றார் மறுபடியும், அந்தக் கோழி வந்து, அது பாட்டுக்கு இருக்கு. யாரும் சிரிக்கவில்லை. நாற்காலி ஒன்று கிறீச்சென்று பின்னால் போனது, சரி பிரசிடெண்டு, அப்ப நாங்க, என்று ஒன்றாம் வார்டு எழுந்திரிக்கப் பார்த்தது. நல்லா வேணும், என்றது அவளுக்குள் ஒன்று, அடுத்தவ பிள்ளையைக் கடன் வாங்கினா அது அழத்தான் செய்யும். ஆனால் அவர் காதைப் பார்த்துவிட்டாள். பின்பக்கம் இரண்டு காதும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறில்லாமல் நிற்கிறவன் காது. தவிர, அவள் கோழியை யாரும் இப்படி நடுத்தெருவில் நொண்ட விட்டதில்லை, அதை அவளால் பொறுக்க முடியவில்லை, எது முந்திக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது, வாய் திறந்துவிட்டது. எங்க அது பாட்டுக்கு இருக்கு, என்று ஜன்னலிலிருந்து சத்தம் போட்டாள், நேத்துப் பருந்து வந்துச்சுல்ல!

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் தலை கடைசியாகத் திரும்பியது. செண்பகத்தின் கையில் ஜல்லிக்கரண்டி எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கறுப்புக் கோழிக்கு எட்டுக் குஞ்சு, என்றாள், பருந்து நிழல் தரையில பட்டதுதான் தாமசம், எது யாரு வச்ச முட்டைன்னு ஒண்ணும் கேக்கல, எட்டும் ஓடி வந்து நம்ம செவத்தக் கோழி ரெக்கைக்குள்ள பூந்திருச்சு. ஒத்தையை வச்சுக்கிட்டு அது நடந்த நடை என்ன, இப்ப ஒம்போதையும் உள்ள வச்சுக்கிட்டு உக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல, என்னைப் பாத்து ஒரு முழி முழிக்குது பாருங்க, ஏன்டா பிரசிடெண்டு ஆனோம்ங்கற முழி! மாரீஸ்வரி, அடி ஆத்தி, என்று முன்னால் சரிந்தாள், மாடசாமியண்ணன் மீசை மேலும் கீழும் போனது, எழுந்திரித்த ஒன்றாம் வார்டு நாற்காலியில் பொத்தென்று திரும்ப விழுந்தது. தலையும் உடம்பும் வாலுமாக முழுச் சிரிப்பு, மொத்தமும் அவள் பக்கம் திரும்பி வந்தது, ஆடி மாதக் காற்று மாதிரி முகத்தில் அடித்தது. இது இவ்வளவு ருசியா. இதையா தினம் வெளியில் நின்று ஒத்தையாய்த் தின்றார். இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கிறதுதானா மதினி, என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் மாரீஸ்வரி. செண்பகம் ஒரு மூச்சு யோசித்தாள். இல்லை என்று சொல்வதுதான் பொண்டாட்டிக்கு அழகு. எனக்கென்ன தெரியும், கோழி மட்டும் என்னோடது, தீவனம் வைக்கிறது நான்தான், என்றாள். மறுபடி சிரித்தார்கள். அவரைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் ஒரு சின்ன முள் இருந்தது, அவளுக்கு நன்றாகப் பழகின முள், சற்று முன்வரை அவள் நெஞ்சில் கிடந்தது. ஆகா, என்று நினைத்தாள், எப்படி இருக்கு. அந்த நேரத்தில்தான் மாரீஸ்வரி, சிரித்த சிரிப்பில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கையை நீட்டி ஒரு வடையை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. எட்டு வார்டில் ஏழு வார்டு அவள் வாயைப் பார்த்தது. அவள் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விரலைப் பார்த்தாள், விரலெல்லாம் எண்ணெய். செண்பகத்துக்கு அந்த அதிரசம்தான் கண்ணில் வந்து நின்றது. இதுக்கு மேல் ஒரு இடம் அமையுமா. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, கை நனைஞ்சு போச்சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதிரசத்துக்குப் பதில் வடை, ஊரே உருண்டுவிடும், எட்டுப் பேரும் தட்டில் விழுவார்கள், ஐந்து வருசமும் கையில், அதைச் சொல்லாவிட்டால் அவர் தவசிலிங்கமே இல்லை. அவர் வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் அது வந்து உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். அவர் கண் ஜன்னலுக்கு வந்தது. அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு காலில் விழுந்தது, சுட்டது, அப்படியே நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மிடறு ஏறி இறங்கியது. விக்கப் போகுது, வெறும் வடையா தின்னாதம்மா, என்றார், இரு, சட்னி எடுத்தாரேன். அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஒன்றாம் வார்டுக்காரர் மட்டும் பெருமூச்சு விட்டு, அவதான் கடிச்சுட்டாளே, இனி என்னத்தக் கவுரவம், தட்டை இங்கிட்டுத் தள்ளும், என்றார்.

அவர் உள்ளே வந்தார். சட்னிச் சட்டி அடுப்பு மேடையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எடுக்காமல் நின்றார். ஏன் சொல்லல, என்றாள். எதை, என்றார். தெரியாத மாதிரி. அவர் சட்னியைக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார். அது வெளிய எடுக்கறதில்ல, என்றார். வெளியில் தட்டு நகர்கிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் கேட்டது. செண்பகம் மாவைத் தட்டி எண்ணெயில் விட்டுக்கொண்டே கேட்டாள், அப்ப கோழி மட்டும் ஊர்ச் சொத்தா, அன்னைக்குச் சிரிச்சுட்டு எடுத்துட்டுப் போயிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன். அவர் கரண்டியைச் சட்டியில் சாய்த்து வைத்தார். சிரிச்சிருப்பேன், என்றார், சிரிச்சா மத்ததும் சேந்து வந்திருக்கும். பிறகு, மாடசாமி பின்னால நடந்து வர்றதை நெனச்சேன், என்றார், அதோடு பேச்சு நின்றது, தோள் ஒரு தடவை குலுங்கியது. கையால் மேடையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை குலுங்கியது. மூக்கு வழியாகப் பூனை தும்மியது. கண்ணிலிருந்து தண்ணியும் வந்தது, சிரிப்பால் வந்ததா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அன்றைக்கு வர வேண்டியதா, அவள் கேட்கவில்லை, அதிரசம் செரிக்கலயா, என்று மட்டும் கேட்டாள், அவருக்கு மூச்சே நின்றுபோகிற மாதிரி தோள் ஆடியது, அவளுக்கும் பொத்துக்கொண்டது, தொட்டிலில் சின்னது கையைத் தூக்கிப் போட்டது. எண்ணெய்ச் சட்டியில் அந்த ஈட்டு வடை கறுத்துக்கொண்டு வந்தது. யண்ணே, உள்ள என்ன சிரிப்பு, என்று மாரீஸ்வரி வாசலிலிருந்து கேட்டாள், என்ன மதினி சொன்னீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன். செண்பகத்தின் இரண்டு கையிலும் மாவு. முழங்கையால் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.